மிஷின் மேல் ஏறி உட்கார்ந்த டீவி

"யாரும் காலை அசைக்காதீங்க! இருந்த எடத்துலேயே இருங்க!"

கத்தியது நான்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. எங்கள் வீட்டுத் தார்சாவில், அதாவது வாசலை ஒட்டிய முன்னறையில், தரை தெரியாமல் ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். டீவியில் புராணத் தொடர் ஓடுகிறது. டீவியின் தலையில் இருந்த என் குண்டூசி டப்பா அப்போதுதான் கவிழ்ந்து விழுந்திருந்தது. சம்மணம் போட்டிருந்தவர்களின் மடியில், சேலை மடிப்பில், முழங்காலுக்கு அடியில், எங்கே பார்த்தாலும் குண்டூசி.

மூச்சு விடவும் பயந்து எல்லோரும் அப்படியே உறைந்துவிட்டார்கள். எழுந்திருக்கப் போன அடுத்த வீட்டுக் கோமதி மயினி பாதியில் நின்று, முன்னால் இருந்த எஸ்தர் டீச்சரின் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

"கொண்டைய விடு கோமதி. அதுல பாதி சவுரி, கையோட வந்துரும்."

சிரிப்பு வந்தும் சிரிக்க முடியவில்லை. சிரித்தால் உடம்பு குலுங்கும், குத்தும்.

என் மாமனார் ஒருத்தர்தான் நாற்காலியில் இருந்தார். இரண்டு காலையும் மேலே தூக்கி வைத்துக்கொண்டு அவர் கேட்டார்: "குண்டூசிய இப்படியா கண்ட எடத்துல வைக்கது? பொருள அதது எடத்துல வைக்கத் தெரியாண்டாமா?"

முப்பது வருஷம் ஓடிவிட்டது. அந்தக் கேள்வியை இப்போது எழுதும்போதும் எனக்குக் காது சூடாகிறது. பொருளை அதது இடத்தில் வைக்கத் தெரியாதவளாம் நான். நியாயத்தை நீங்களே சொல்லுங்கள்.

கையிரண்டும் ஒரே பக்கம்

நாங்கள் அப்போது பாளையங்கோட்டையில் ஒரு வளவில் குடியிருந்தோம். ஒரே தலைவாசல், உள்ளே வரிசையாக வீடுகள், நடுவே பொதுக் கிணறு. ஒரு வீட்டில் கடுகு வெடித்தால் அடுத்த வீட்டில் தும்முவார்கள். அத்தை, மாமா, என் வீட்டுக்காரர், நான். அவருக்குப் பஸ் பணிமனையில் வேலை. மாமா தாலுகா ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர்.

என் தையல் மிஷின் அப்பா சீராகக் கொடுத்தது. காலால் மிதிக்கிற மிஷின். தலைப் பாகத்தைக் கீழே மடக்கி உள்ளே படுக்க வைத்து, மேலே பலகையை மூடினால் சாதாரண மேசை போல ஆகிவிடும். அந்த வசதியைப் பார்த்துத்தான் அப்பா ஆசையாக வாங்கினார். அந்த வசதிதான் பின்னால் எனக்கு வினையாக வந்தது.

தையல் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பிறந்த வீட்டில், களக்காட்டில், அம்மாவின் பழைய ஜாக்கெட் ஒன்றைத் தையல் தையலாகப் பிரித்து, துண்டுகளைத் தரையில் பரப்பிப் பார்த்து, மறுபடி சேர்த்துத் தைத்துப் பழகினேன். முதல் தடவை இரண்டு கையும் மேல் பார்த்து நின்றன. அம்மா அதற்குள் கையை நுழைத்துப் பார்த்துவிட்டு, "பஸ்ல கம்பியப் பிடிச்சுட்டு நின்னுட்டே போறவளுக்குத் தோதா இருக்கும்ட்டி" என்றாள். அம்மாவின் கிண்டலுக்குப் பயந்தே சீக்கிரம் கற்றுக்கொண்டேன்.

அதது இடத்தில்

இப்போது என் ஒழுங்கைச் சொல்கிறேன். கேட்டுக்கொள்ளுங்கள்.

மிஷினில் வலது பக்கம் இரண்டு இழுப்பறை, இடது பக்கம் ஒன்று. வலது மேலறையில் பாபின்கள். போட்டோ ஸ்டூடியோவில் படச்சுருள் வரும் சின்னக் கறுப்பு டப்பா இருக்குமே, அதில் நிறவாரியாகப் போட்டிருப்பேன். கீழறையில் கொக்கி, ஊக்கு, அழுத்தும் பட்டன், குண்டூசி டப்பா. இடது அறையில் டேப், சாக்குக்கட்டி, எண்ணெய்க் குப்பி. ஊசிகளைக் கம்பளித் துணியில் குத்தி வைத்திருப்பேன். பட்டன்கள் கண்ணாடிப் பாட்டிலில்.

கத்தரிக்கோல் மட்டும் தனி ஆணியில் தொங்கும். அதை எடுத்து யாராவது காகிதம் வெட்டினால் அன்றைக்கு வீட்டில் ரகளைதான்.

நூல்கண்டுகளை முதலில் அல்வா அட்டைப் பெட்டியில் வைத்தேன். திருநெல்வேலிச் சீமையில் இருந்துகொண்டு அட்டைப் பெட்டிக்குப் பஞ்சமா என்று நினைத்தேன். அந்த அட்டை குடித்திருந்த நெய்யை நான் நினைக்கவில்லை. வெள்ளை நூல் பழுப்பேறியது. அந்த நூலில் எஸ்தர் டீச்சரின் வெள்ளைச் சேலைக்குக் கரை மடித்துத் தைத்தும் கொடுத்துவிட்டேன். டீச்சர் வந்து சொன்னார்: "சர்ச்ல பக்கத்துல இருந்தவ என்னையே மோந்து மோந்து பாக்கா. வீட்டுல என்ன விசேஷம் டீச்சர்ங்கா." அதற்கப்புறம் பிஸ்கட் தகரத்துக்கு மாறினேன்.

தைக்க வரும் துணிக்குத்தான் என் பெரிய ஏற்பாடு. உடன்குடியில் இருக்கும் என் சித்தி கருப்பட்டி அனுப்புவாள். அது பனையோலையில் பின்னிய சின்னக் கூடையில், கொட்டானில், வரும். அந்தக் கொட்டான்களைத் துடைத்துக் காயவைத்து, ஆளுக்கு ஒன்று. ஒருத்தியின் துணி, அவள் அளவுக்குக் கொடுத்த பழைய ஜாக்கெட், அதற்கான நூல், கொக்கி எல்லாம் ஒரே கொட்டானில். எடுத்து மடியில் வைத்தால் வேறு எதற்கும் எழுந்திருக்க வேண்டாம்.

கடைசியாக ஒரு பொருள். காந்தம். என் தம்பி செத்துப்போன ரேடியோவின் ஸ்பீக்கரில் இருந்து கழற்றிக் கொடுத்த வட்டக் காந்தம். குண்டூசி சிந்தினால் தரையில் அதை ஓட்டினால் போதும், எல்லாம் ஓடிவந்து ஒட்டும். அதற்கு இடம், மிஷினின் இரும்புக் கழுத்து. அங்கேயே ஒட்டிக்கொண்டிருக்கும். விழாது, தேட வேண்டாம்.

இப்படி இருந்தவளைப் பார்த்துத்தான் கண்ட இடத்தில் வைக்கிறவள் என்றார் மாமா.

சும்மாதான கெடந்துச்சு

தங்கை பிரசவத்துக்காகக் களக்காட்டுக்குப் போய்ச் சில நாள் இருந்துவிட்டு, அரைத் தார் வாழைப்பழத்தோடு வந்து இறங்குகிறேன். வளவுக்குள் நுழையும்போதே, "ஒங்க வீட்டுக்கு டீவி வந்திருக்கு" என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள். எனக்கும் சந்தோஷம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஓடிப்போய்ப் பார்த்தேன்.

மரப்பெட்டிக்குள் பெரிய கலர் டீவி. அது உட்கார்ந்திருந்தது என் மிஷின் மேல். மிஷினின் தலையை உள்ளே மடக்கி, பலகையை மூடி, அதன் மேல் ஒரு பூப்போட்ட விரிப்பு. இழுப்பறைகளை அடைத்துக்கொண்டு ஒரு ஸ்டூல், ஸ்டூல் மேல் ஸ்டெபிலைசர். மிதிபலகை மேல் செருப்பு.

"இது என்ன?" என்றேன்.

என் வீட்டுக்காரர் பெருமையாகச் சிரித்தார். "எங்கன வைக்கன்னு பாத்தோம். மிஷின் சும்மாதான கெடந்துச்சு."

"நான் ஊர்ல இல்ல. அதான் கெடந்துச்சு."

"அதத்தான நானும் சொல்லுதேன். சும்மா கெடந்துச்சுன்னு."



மாமாவின் மேசை இருந்தது. அதில் பழைய பேப்பர் கட்டு. அதைத் தொட்டால் அவருக்கு நெஞ்சு வலிக்கும். அத்தையின் டிரங்குப் பெட்டி இருந்தது. அதற்குள் அத்தையின் கூறைச் சேலை, அதனால் மேலே பாரம் ஏற்றக்கூடாது. மாமாவின் பொடி டப்பாவுக்குச் சுவரில் தனி மாடக்குழி. என் வீட்டுக்காரரின் சைக்கிள் பம்பு நடுச்சுவரில் ஆணியில் தொங்கும். சைக்கிள் களவு போய் ரெண்டு வருஷம். பம்பு தொங்குகிறது! அது சும்மா கிடக்கிறது என்று ஒருத்தரும் சொல்லவில்லை.

வளவில் பாதிப் பேர் உடுத்துகிற துணி என் மிஷினில் தைத்தது. அது ஓடாமல் இருந்த சில நாளில் அதற்குப் பெயர் மேசை ஆகிவிட்டது.

"எறக்கி வைங்க, எனக்குத் தைக்கணும்" என்றேன்.

"பிக்சர் ட்யூப் ஆடிப்போவும். கடைக்காரன் படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்கான், அசைக்கவே கூடாதுன்னு."

மறுநாள் அத்தை வந்து, "ஏட்டி, டீவியில தூசி விழுது. சுருக்கம் வச்சு ஒரு உறை தச்சுப் போடேன்" என்றார்.

"எதுல தைக்க அத்தை?"

"மிஷின்லதான்" என்று சொல்லிவிட்டு அத்தை மிஷினைப் பார்த்தார். டீவியைப் பார்த்தார். அடுப்பில் பால் வைத்த ஞாபகம் வந்து உள்ளே போய்விட்டார்.

பத்திரமாக வைத்தது

இழுப்பறைகளில் இருந்த என் சாமான் எல்லாம் எங்கே? அத்தை எடுத்துப் பத்திரமாக வைத்திருந்தார். எங்கள் வீட்டில் ஒரு பொருளைப் பத்திரமாக வைத்திருக்கிறது என்றால், இனி அது கிடைக்காது என்று அர்த்தம்.

பாபின் டப்பாக்கள் அடுக்களையில் கடுகு, வெந்தயத்துக்குப் பக்கத்தில் நின்றன. அவசரத்தில் ஒருநாள் ரசத்துக்குத் தாளிக்கும்போது கறுப்பு டப்பாவைத் திறந்து கவிழ்த்தேன், மஞ்சள் நூல் பாபின் எண்ணெயில் விழுந்தது. கொக்கிகள் அரிசி டிரம்முக்குள். ஊசித் துணி அத்தையின் தலையணைக்கு அடியில்! ஏன் அத்தை என்றால், "களவு போயிரக் கூடாதுல்லா" என்கிறார். கொட்டான்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிப் பரணில் போட்டுவிட்டார்கள். உள்ளே இருந்த துணிகளையெல்லாம் ஒரே மூட்டை. அளவு ஜாக்கெட்டுகள் தனி மூட்டை. எந்த அளவு யாருடையது என்று மோந்தா பார்ப்பது?

குண்டூசி டப்பா டீவி மேல். பிளாஸ்டிக் பூச்சாடிக்கும் ஆடுகிற பொம்மைக்கும் நடுவில். "அங்கன யாரு கையும் படாது, பத்திரம்" என்றார் அத்தை. அத்தை நல்லவர்தான். கெட்டது செய்ய வேண்டும் என்று ஒன்றும் செய்ததில்லை. ஆனால் கோபம் யார்மேல் வர வேண்டுமோ அவர்மேல் காட்ட முடியாதபோது, பக்கத்தில் இருப்பவர்மேல் எவ்வளவு வருகிறது பாருங்கள்.

கட்டிலில் உட்கார்ந்து கையால் தைத்தேன். கையால் எத்தனை தைக்க முடியும்?

இதில் கோமதி மயினிக்கு வேறு வாக்குக் கொடுத்திருந்தேன். அடுத்த வீடு. அவள் தங்கைக்கு நிச்சயதாம்பூலம் வருகிறது. தங்கைக்கும் அவளுக்குமாக ஒரு கட்டு ஜாக்கெட் துணி கொடுத்திருந்தாள். புதன்கிழமைக்குள் வேண்டும்.

மயினி தினமும் வருவாள். ஜாக்கெட் கேட்கத்தான் வருவாள், ஆனால் டீவியைப் பார்த்ததும் உட்கார்ந்துவிடுவாள். விளம்பரம் வரும்போது மட்டும் திரும்பி, "கனி, எனக்குத் தச்சாச்சா?" என்பாள்.

"எங்கன மயினி தைக்க? நீங்க பாத்துட்டு இருக்கீங்களே, அதுக்குக் கீழதான் மிஷின் இருக்கு."

"அய்ய, ஆமா" என்பாள். அதற்குள் விளம்பரம் முடிந்துவிடும்.

வளவில் எல்லாப் பெண்களும் இப்படித்தான். எல்லோருக்கும் துணி என்னிடம் கிடந்தது. எல்லோரும் என் மிஷினையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

பச்சைப் பாதம்

டீவிக்கும் ஒரு சீக்கு இருந்தது. வந்த நாளில் இருந்து படத்தின் கீழ்ப்பக்கம் ஒரு பச்சைத் திட்டு. ஓரத்தில் ஊதா. செய்தி வாசிக்கிற அம்மாவின் முகம் சிவப்பாக இருக்கும், கை மட்டும் பாசி படிந்த மாதிரி. சாமிகளுக்கெல்லாம் பச்சைக் கால்.

ஆன்டெனாவைத் திருப்பினார்கள். மொட்டை மாடியில் ஒருத்தர், முற்றத்தில் ஒருத்தர், உள்ளே மாமா. "வந்துட்டா?" "வரல!" "இப்ப?" "போயிட்டு!" அன்றைக்கு இலங்கை டீவி நிலையத்துப் படம்தான் வந்தது, பச்சை போகவில்லை. அத்தை டீவிக்கு மிளகாய் சுற்றிப் போட்டார். மெக்கானிக் வந்து டீவியைக் கடைக்குத் தூக்கிப் போனார். போகும்போது அதே இடத்தில் ஒரு மாற்று டீவியை வைத்துவிட்டுப் போனார். அதற்கும் கீழ்ப்பக்கம் பச்சை! எங்கள் டீவியோ கடையில் தங்கம் போல ஓடுகிறதாம். திரும்பக் கொண்டுவந்து வைத்தால் மறுபடி பச்சை.

"ஒங்க வீட்டுக் கரண்டு சரியில்ல அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுக் காப்பி குடித்துவிட்டுப் போனார் மெக்கானிக்.

மாமா கண்டுபிடித்த வைத்தியம், தட்டுவது. டீவியின் பக்கவாட்டில் உள்ளங்கையால் ஓங்கி ஒரு தட்டு. பச்சை குறைகிறது என்பார். எங்கள் யாருக்கும் குறைந்ததாகத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமைத் தொடருக்கு வசனமெல்லாம் இந்தி. மாமாதான் தமிழில் சொல்வார். அவருக்கும் இந்தி தெரியாது, கதை தெரியும். சில நேரம் டீவியில் இருக்கிறவர் வாயைத் திறக்கும் முன்பே மாமா அவர் வசனத்தைச் சொல்லி முடித்துவிடுவார்.

அந்த ஞாயிறு

இப்போது முதலில் சொன்ன இடத்துக்கு வருகிறேன்.

என் வீட்டுக்காரர் டியூட்டிக்குப் போயிருந்தார். தொடரில் ஒரு முனிவர் அழுதுகொண்டே ஓடிவந்து சாமியின் பாதத்தில் விழுகிறார். படம் முழுக்கப் பாதம். அது கரும்பச்சையாக, தேங்கின குளத்துத் தண்ணீர் நிறத்தில் இருந்தது. கன்னத்தில் போட்டுக்கொள்ளக் கையைத் தூக்கியவர்கள் யோசித்தார்கள்.

மாமாவுக்குப் பொறுக்கவில்லை. "பாதத்தப் பாக்கவிடாம என்னவே இது" என்று எட்டி ஒரு தட்டுத் தட்டினார்.

பூச்சாடி ஆடியது. பொம்மை ஆடியது. குண்டூசி டப்பா ஆடவில்லை, நேரே விழுந்தது.

அதற்கப்புறம்தான் நான் கத்தியது, கோமதி மயினி டீச்சரின் கொண்டையைப் பிடித்தது, மாமா காலைத் தூக்கிக்கொண்டு அந்தக் கேள்வியைக் கேட்டது.

அதுவரை மாமாவிடம் நான் எதிர்த்து ஒரு வார்த்தை பேசினதில்லை. அன்றைக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

"கண்ட எடமா மாமா? குண்டூசிக்கு எடம் இருந்துச்சு. நூலுக்கு இருந்துச்சு, கொக்கிக்கு இருந்துச்சு, எனக்கும் இருந்துச்சு. அந்த எடத்துக்கு மேலதான் நீங்க இப்பச் சாமி பாத்துட்டு இருக்கீங்க. கண்ட எடத்துல வச்சது நான் இல்ல. ஒங்க டீவிதான் கண்ட எடத்துல இருக்கு!"

 இந்தி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. மாமா தமிழில் சொல்லவில்லை.

அடுக்களை வாசலில் இருந்து அத்தையின் குரல் மெதுவாக வந்தது. "டப்பாவ அங்கன வச்சது நாந்தான்."

"சண்டைய அப்புறம் போடுங்க" என்றாள் கோமதி மயினி, பாதி குனிந்தபடியே. "எனக்கு இடுப்பு விட்டுப்போச்சு. கனி, ஒங்கிட்ட வட்டமா ஒரு காந்தம் உண்டுமே, அதக் கொண்டாட்டி."

"அது மிஷின் கழுத்துல ஒட்டியிருக்கு மயினி. மிஷின் டீவிக்கு அடியில இருக்கு."

"அப்பம் டீவிய எறக்கு."

நான் சொன்னபோது யாருக்கும் கேட்காத வார்த்தை, அவள் சொன்னதும் எல்லோருக்கும் கேட்டது. இடுப்பு வலி அவளுக்கல்லவா.

காலடியில் கையால் தடவித் தடவி வழி உண்டாக்கினேன். எஸ்தர் டீச்சர், மயினி, அத்தை, நான், நாலு பேரும் டீவியைச் சுற்றி நின்றோம். டீச்சர் பிளக்கைப் பிடுங்கினார்.

"ட்யூப்பு! ட்யூப்பு!" என்று பதறினார் மாமா.

"நீங்க காலை மட்டும் கீழ விடாம வச்சுக்கிடுங்க அண்ணாச்சி. அதுவே எங்களுக்குப் பெரிய ஒத்தாசை" என்றார் டீச்சர்.

அத்தை தான் உட்கார்ந்து காய் நறுக்குகிற மணைப்பலகையைக் காலால் தள்ளிக் கொண்டுவந்தார். டீவியைப் பைய அதன் மேல் இறக்கினோம்.

விரிப்பை எடுத்துப் பலகையைத் திறந்து மிஷின் தலையைத் தூக்கினேன். எண்ணெய் வாசனை வந்தது.  காந்தம் கழுத்தில் வைத்தபடியே இருந்தது.

வெள்ளைத் துணியில் அதைச் சுற்றித் தரையில் ஓட்டினேன். குண்டூசிகள் துள்ளித் துள்ளி வந்தன. ஒவ்வொருத்தி சேலை மடிப்பாக, ஒவ்வொரு முழங்காலாக. காந்தம் முள்ளம்பன்றி மாதிரி ஆனது. கோமதி மயினி இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, "அம்மாடி" என்றாள்.

பிளக்கை மாட்டினார் டீச்சர். படம் வந்தது.

மேலிருந்து கீழ் வரை படம் பளிச்சென்று இருந்தது. பச்சை இல்லை, ஊதா இல்லை. சாமியின் பாதம் செக்கச் செவேல் என்று, செம்பருத்தி மாதிரி. அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார். "தரையில வச்சதும் சரியாயிட்டே!" என்று மாமா எழுந்தே நின்றுவிட்டார்.

நான் கையில் காந்தத்தோடு, ஆட்களுக்கு நடுவே மிஷினுக்குப் போக டீவியை ஒட்டிக் கடந்தேன். சாமியின் இடது தோள் பச்சையானது. ஓர் எட்டுப் பின்னால் வைத்தேன். பச்சை போனது. மறுபடி ஓர் எட்டு முன்னால். பச்சை.

கையைப் பார்த்தேன். டீவியைப் பார்த்தேன். வளவே சாமியைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒருத்தர் மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். எஸ்தர் டீச்சர். பள்ளிக்கூடத்தில் அவருக்குப் பாடம் அறிவியல்.

டீச்சர் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. "தாயி, அந்தக் காந்தத்த அதுக்குண்டான எடத்துல கொண்டு வை" என்றார்.

குண்டூசிகளை உதிர்த்துவிட்டு, காந்தத்தை மிஷின் கழுத்தில் ஒட்டினேன். மயினியின் துணியை எடுத்தேன். தொடர் முடியும் முன்பே மிதிக்கத் தொடங்கிவிட்டேன்.

"வசனம் ஒண்ணும் கேக்கலியே" என்று முணுமுணுத்தார் மாமா.

"ஒங்களுக்கு எதுக்குக் கேக்கணும்?" என்றார் அத்தை. "நீங்கதான் அவாள் சொல்லுதுக்கு முன்னாலேயே சொல்லிருவீங்களே."

சாயங்காலம்

என் வீட்டுக்காரர் வந்தார். செருப்பைக் கழற்றாமலே கேட்டார்: "டீவி எதுக்குத் தரையில கெடக்கு?"

நடந்ததை மாமா சொன்னார். இவர் நம்பவில்லை. தரைக்கும் கலருக்கும் என்ன சம்பந்தம் என்றார். தைத்துக்கொண்டிருந்த என்னை எழுப்பிவிட்டு, மிஷின் தலையை மடக்கி, பலகையை மூடி, மாமாவும் இவருமாக டீவியைத் தூக்கி மறுபடி மிஷின் மேல் வைத்தார்கள். போட்டார்கள்.

பச்சை!

அணைத்துப் போட்டார். பச்சை. தட்டினார். பச்சை. தரையில் இறக்கிவைத்துப் போட்டார். தங்கம்.

"இந்த மிஷின்ல என்னமோ இருக்கு" என்றார்.

"அம்புட்டும் இரும்புல்லா" என்றார் மாமா, எல்லாம் தெரிந்தவர் மாதிரி. "இரும்புக்கும் டீவிக்கும் ஆகாது. இனி அது பக்கத்துல கொண்டுபோகாத."

 கொட்டான்களைப் பரணில் இருந்து இறக்கித் தரச் சொன்னேன். இறக்கித் தந்தார். டீவி அதற்கப்புறம் மாமாவின் மேசையில்தான் இருந்தது. பழைய பேப்பர் கட்டு கட்டிலுக்கு அடியில் போனது. மாமாவுக்கு நெஞ்சு ஒன்றும் வலிக்கவில்லை. கோமதி மயினியின் தங்கை புதன்கிழமை புது ஜாக்கெட்டோடு மணையில் உட்கார்ந்தாள்.

அந்தக் குண்டூசிகளில் ஒன்று மட்டும் சில நாள் கழித்துத்தான் கிடைத்தது. அது யாருக்குக் கிடைத்தது, உடம்பில் எந்த இடத்தில் கிடைத்தது என்று எழுதினால் என் வீட்டுக்காரர் கோபித்துக்கொள்வார்.

காந்தத்தைப் பற்றி அவரிடம் அன்றைக்கே சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். நான் ஏன் சொல்ல வேண்டும்? மிஷினை எடுத்துக்கொள்ளும் முன் என்னிடம் யாராவது கேட்டார்களா? என் பொருளை அதன் இடத்தில் வைத்திருந்தேன். அதன் மேல் கொண்டுவந்து டீவியை வைத்தவர்கள் அவர்கள். பச்சையானதற்கு நானா பொறுப்பு?

பத்திரிகையில் நான் எழுதும் இந்தத் தொடரை அவர் வாராவாரம் படிக்கிறவர். படித்துவிட்டு, "அப்படியா நடந்துச்சு" என்பார். இந்த வாரம் படித்து முடித்ததும் எழுந்துபோய் மிஷின் பலகையைத் திறந்து பார்ப்பார். பார்க்கட்டும்.

காந்தம் அங்கனதான் இருக்கிறது.